சோபா கழுவிய பிறகு வரும் புகார்கள்: டூலில் எங்கே பிழை, எதை மாற்றுவது?

கொழும்பில் சோபா, குஷன் கதிரை, கார் சீட் கழுவும் தொழிலில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டுக்காரர் புகார் சொன்னால் நம்மில் பலர் முதலில் மாற்றுவது ஷாம்புவைத்தான். கடைக்காரரும் புதுப் போத்தல் ஒன்றை எடுத்து நீட்டுவார். ஆனால் காயவில்லை, வளையம் விழுந்துவிட்டது, கோடு தெரிகிறது, வெல்வெட் படுத்துவிட்டது என்று வரும் புகார்களில் பெரும்பகுதிக்குக் காரணம் மருந்து அல்ல. தண்ணீரைத் தெளித்து அழுக்கோடு திரும்ப உறிஞ்சும் எக்ஸ்ட்ராக்‌ஷன் மெஷினின் ஹோஸ் நுனியில் நாம் கையில் பிடித்திருக்கும் அந்த நாலு அங்குல டூல்தான். அது எவ்வளவு தண்ணீரை விடுகிறது, விட்டதில் எவ்வளவைத் திரும்ப எடுக்கிறது என்ற கணக்கு சரியாக இருந்தால் சாதாரண ஷாம்புவே போதும். கணக்குப் பிழைத்தால் எந்த விலையுயர்ந்த மருந்தும் காப்பாற்றாது.

கீழே ஒவ்வொரு புகாராக எடுத்து, எங்கே பார்ப்பது, எதை மாற்றுவது, புதிதாக வாங்கினால் எதை வாங்குவது என்று சொல்கிறேன்.

எதையும் வாங்குவதற்கு முன்

பிழை மெஷினிலா டூலிலா என்று பிரித்தறியப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. டூலைக் கழற்றுங்கள். மெஷினைப் போட்டு, வெறும் ஹோஸின் வாயை உள்ளங்கையால் மூடுங்கள். மோட்டரின் சத்தம் உடனே உயர வேண்டும், கையை எடுக்கச் சற்றுப் பலம் தேவைப்பட வேண்டும். இழுப்பு மந்தமாக இருந்தால் பிழை மெஷினில், அல்லது ஹோஸில். கழிவுத் தாங்கியின் மூடி ரப்பர், மோட்டருக்கு முன்னாலுள்ள பில்டர், ஹோஸின் மடிப்புகளில் விழுந்த வெடிப்பு, இந்த மூன்றையும் பாருங்கள்.

ஹோஸில் இழுப்பு நன்றாக இருக்கிறதா? இனி டூலைப் பூட்டி, அதன் வாயை ஈரமான கண்ணாடி மேசையில் வையுங்கள். அப்பிப் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லையென்றால் காற்று வேறெங்கோ நுழைகிறது. வாயின் விளிம்பு தேய்ந்திருக்கும், அல்லது தெளிவான பிளாஸ்டிக் தலையை உடலோடு பொருத்தும் இடத்தில் ரப்பர் கழன்றிருக்கும்.

மூன்றாவது, தெளிப்பு. காய்ந்த காட்போட் மட்டையின் முன்னால் டூலைப் பிடித்து டிரிகரை ஒரு கணம் மட்டும் அழுத்துங்கள். தலைக்குள்ளேயே தெளிக்கும் டூலென்றால் (டூலின் வகைகளைக் கீழே சொல்கிறேன்) மட்டையை வாயோடு சேர்த்துப் பிடியுங்கள். மட்டையில் விழும் ஈரம் வாயின் முழு அகலத்துக்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் கறுத்து ஓரங்களில் வெளுத்திருந்தால், அல்லது ஒரு பக்கம் காய்ந்தே இருந்தால், தண்ணீர் பீச்சும் நுனியான நொசில் அடைத்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது.

இந்த மூன்றையும் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் செய்துபார்ப்பது நல்லது. ஐந்து நிமிடம்கூடப் பிடிக்காது.

புகார்: “நேற்றுக் கழுவியது, இன்னும் ஈரமாக இருக்கிறது”

கொழும்பில் மிகக் கூடுதலாக வரும் புகார் இதுதான். இங்கே காற்றின் ஈரப்பதம் 70 முதல் 85 சதவீதம் வரை இருப்பது சாதாரணம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபர் நவம்பரில் பின்னேர இடிமழை. வரண்ட நாட்டு வீடியோவில் நான்கு மணி நேரத்தில் காய்வதாகக் காட்டும் சோபா வெள்ளவத்தைத் தொடர்மாடியில் அப்படிக் காயாது. கடற்கரையோர வீடுகளில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. உப்புப் படிந்த துணி காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். ஆகவே நமக்கு வேண்டியது குறைவாக நனைக்கும் டூல்.

முதலில் நொசிலின் எண்ணைப் பாருங்கள். பித்தளை நுனியில் 8001, 8002 என்று பொறித்திருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் விசிறியாக விரியும் கோணம், 80 பாகை. மிச்சம், 40 பி.எஸ்.ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை அமெரிக்க கலன் என்பது. 8002 என்றால் 0.2 கலன், அதாவது சுமார் முக்கால் லீற்றர். அழுத்தத்தை நான்கு மடங்காக்கினால் ஓட்டம் இரண்டு மடங்காகும். கார்ப்பெற்றுக்கு வைத்த 160 பி.எஸ்.ஐயை மாற்றாமல் அதே 8002 நொசிலோடு சோபாவில் இறங்கினால் நிமிடத்துக்கு ஒன்றரை லீற்றர் போகும். ஒரு சோபாவில் டிரிகரை மொத்தமாகப் பத்து நிமிடம் அழுத்தினால் 15 லீற்றர். ஐந்தில் நான்கு பங்கைத் திரும்ப எடுத்தாலும் மூன்று லீற்றர் ஸ்பொஞ்சுக்குள்ளேயே தங்கிவிடும். மூன்று லீற்றர் ஈரத்தை அந்தக் காற்றில் யார் காயவைப்பது?

8001 நொசிலைப் போட்டு, அழுத்தத்தை 60 முதல் 100க்குள் கொண்டுவந்தால் இந்தக் கணக்கு அடியோடு மாறிவிடும். மெஷினில் அழுத்தம் குறைக்கும் திருகு இல்லையென்றால், ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு கைப்பிடியிலேயே உள்ள டூலை வாங்குங்கள். அந்தச் சின்ன வால்வுக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

அடுத்தது டூலின் வகை. சந்தையில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெளியே தெளிப்பது: தண்ணீர் துணியில் நேரே அடிக்கும், பின்னால் வரும் வாய் உறிஞ்சும். மற்றது உள்ளே தெளிப்பது: தண்ணீர் தலைக்குள்ளேயே விழுந்து, துணியின் மேற்பரப்பைத் தொட்ட கையோடு காற்றோடு திரும்பிவிடும். முதலாவது ஆழமாகக் கழுவும், ஆழமாக நனைக்கவும் செய்யும். இரண்டாவது கழுவுவது சற்றுக் குறைவு, ஆனால் ஸ்பொஞ்சை நனைக்காது, பக்கத்திலுள்ள மரச்சட்டத்திலும் சுவரிலும் தெறிக்காது. ஒன்று மட்டுமே வாங்கக் காசு இருந்தால் கொழும்பு வீடுகளுக்கு உள்ளே தெளிப்பதை வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. உணவகங்களின் இருக்கைகள், வான் சீட் போன்ற பொலியெஸ்டர் வேலைகள் கூடுதலாக வந்தால் வெளியே தெளிப்பதை இரண்டாவதாகச் சேர்க்கலாம்.

தலை தெளிவான பிளாஸ்டிக்காக இருக்கட்டும். உள்ளே ஓடும் தண்ணீர் கண்ணுக்குத் தெரிவது வீட்டுக்காரருக்கு ஊத்தையைக் காட்ட உதவும் என்பது உண்மைதான். ஆனால் அதைவிட நமக்கு உதவுகிறது: எப்போது நிறுத்துவது என்று அது சொல்லும். டிரிகரை அழுத்தி ஒரு இழுவை, விட்டுவிட்டு இரண்டு மூன்று காய்ந்த இழுவை. தெளிவான தலைக்குள் துளிகள் ஓடுவது நின்றபின் அடுத்த பட்டிக்கு, அதாவது பக்கத்து இழுவைக்கு, போங்கள். அவசரத்தில் இந்தக் காய்ந்த இழுவைகளைத்தான் பொடியன்கள் முதலில் விடுவார்கள்.

அகலம் நாலு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கார்ப்பெற்றுக்கான பத்து அங்குலத் தலையைச் சோபாவில் வைத்தால் வளைவில் இரண்டு முனையும் தூக்கி நிற்கும், இழுப்பெல்லாம் அந்த இடைவெளியால் போய்விடும். ஹோஸும் அப்படித்தான். சோபாவுக்கு ஐந்தாறு மீற்றர் போதும். பதினைந்து மீற்றர் ஹோஸை முழுதாகப் பூட்டி வைத்துக்கொண்டு இழுப்புப் போதவில்லை என்று மோட்டரைக் குறை சொல்ல முடியாது.

சரி, டூல் சரியாகிவிட்டது, இனிக் காயவைப்பது. மழைநாளில் ஜன்னலைத் திறந்துவிட்டு மின்விசிறியைப் போடுவது பெரிய பலன் தராது. வெளிக்காற்றே நனைந்த காற்று. வீட்டில் ஏசி இருந்தால் கதவு ஜன்னலை மூடி, ஏசியை ட்ரை நிலையில் போட்டு, தரையில் வைக்கும் புளோவரைச் சோபாவின் பக்கவாட்டில் திருப்புங்கள். ஏசி இல்லாத வீடுகளுக்கு ஈரமுறிஞ்சும் டிஹியுமிடிஃபையர் ஒன்றை வாடகைக்காவது வைத்திருங்கள். நம் ஊர்ச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் அது நன்றாக வேலை செய்யும். கழற்றக்கூடிய குஷன்களைப் படுக்க வைக்காமல் ஓரத்தில் நிறுத்தி வையுங்கள், இரண்டு முகத்திலும் காற்றுப் படட்டும்.

ஈரமானி வாங்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. வாங்கலாம். ஆனால் கடைகளில் கிடைக்கும் ஊசி வைத்த மானிகள் மரத்துக்கு அளவிடப்பட்டவை. அதில் வரும் சதவீதத்தை அப்படியே நம்பாதீர்கள். சோபாவின் பின்புறத்தில் கழுவாத காய்ந்த இடத்தில் ஒருமுறை குத்தி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கழுவிய இடம் அந்த எண்ணுக்குத் திரும்பினால் காய்ந்துவிட்டது என்று பொருள்.

புகார்: “கழுவும்போது போன கறை, காய்ந்ததும் திரும்பி வந்துவிட்டது”

“தம்பி, நீங்கள் கழுவிப்போட்டுப் போனாப்பிறகுதான் இன்னும் ஊத்தையாக் கிடக்கு” என்று ஒரு அன்ரி போனில் சொன்னால், அவர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். துணி மேலிருந்து காய்கிறது. அடியிலுள்ள ஈரம் மேலே ஏறிவரும்போது கரைந்த அழுக்கையும் கூட்டிக்கொண்டு வந்து மேற்பரப்பில் விட்டுவிட்டு ஆவியாகிறது. ஆக இதுவும் தண்ணீர்க் கூடுதலின் இன்னொரு முகம்தான். ஆனால் மூன்று வெவ்வேறு சங்கதிகள் ஒரே மாதிரித் தோன்றும். பிரித்துப் பார்க்காமல் கைவைக்கக் கூடாது.

முன்பு கறை இருந்த அதே இடத்தில், அதே வடிவில் வந்தால் அது தேநீரோ சோடாவோ ஸ்பொஞ்சுக்குள் இறங்கியிருந்தது. அங்கே மறுபடி டூலைப் போட்டுக் கழுவினால் மறுபடி வரும். கொஞ்சமாக ஈரப்படுத்தி, காய்ந்த வெள்ளைத் துவாயை மடித்து வைத்து, மேலே பாரம் ஏற்றிவிடுங்கள். அழுக்கு துணிக்கு ஏறாமல் துவாய்க்கு ஏறும். இதற்குத் துவாய்தான் சரியான டூல்.

கறையே இல்லாத இடத்தில், பருத்தி அல்லது லினன் துணியில், பெரிய பரப்பாகப் பழுப்பு படர்ந்தால் அது நாரின் சொந்த நிறம். தாவர நாரை அதிகம் நனைத்து, காரத்தன்மை (அல்கலி) உள்ள ஷாம்பு தங்கி, மெதுவாகக் காய்ந்தால் இப்படி ஆகும். மெல்லிய அமிலக் கழுவல், அதாவது துணி ரின்ஸ் என்று விற்கும் சிட்ரிக் அமிலக் கலவை, உள்ளே தெளிக்கும் டூலால் லேசாக ஒருமுறை போட்டு, நன்றாக உறிஞ்சி, புளோவர் வைத்து விரைவாகக் காயவைத்தால் பெரும்பாலும் இறங்கிவிடும்.

மூன்றாவது நம் ஊருக்கே உரியது. பழைய மரச் செற்றிகளிலும் கறுவாத்தோட்டத்துப் பழைய வீடுகளின் கதிரைகளிலும் ஸ்பொஞ்சுக்குப் பதில் தும்பு அடைத்திருப்பார்கள். தென்னந்தும்பில் தனின் என்ற சாயப்பொருள் இருக்கிறது. நனைந்தால் கடும் தேயிலைச் சாயத்தில் பழுப்புத் தண்ணீர் கசியும். வெளிறிய துணியில் அது ஏறினால் எடுப்பது பெரும்பாடு. இருக்கையை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். நறநறவென்ற மெல்லிய சத்தத்தோடு மெதுவாக எழும்பினால் தும்பு என்று எடுத்துக்கொள்ளலாம். ஐயமிருந்தால் அடியில் தைத்திருக்கும் துணியின் ஓரத்தை விலக்கிப் பாருங்கள். தும்பு என்று தெரிந்தால் தண்ணீர் தெளிக்கும் டூலை வான் வண்டியிலேயே விட்டுவிட்டு, நுரை முறைக்குப் போங்கள். ஷாம்புவைக் கெட்டி நுரையாக அடித்து, நுரையை மட்டும் மென்மையான பிரஷால் துணியில் தேய்த்து, பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தெடுப்பது. நேரம் பிடிக்கும். கூலியையும் அதற்கேற்ப முதலிலேயே பேசிவிடுங்கள்.

புகார்: “கோடு கோடாகத் தெரிகிறது”

இது சின்னப் பிழை. நொசில் பாதி அடைத்திருக்கும், அல்லது ஒரு பட்டிக்கும் அடுத்த பட்டிக்கும் இடையில் மேற்கவிவு போதவில்லை. பட்டியின் கால்வாசியாவது முந்தைய பட்டியின் மேல் ஏற வேண்டும்.

அடைத்த நொசிலை ஊசியால் குத்தாதீர்கள். பித்தளை மெதுவான உலோகம், துளையின் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தாலே விசிறி கோணலாகிவிடும். வினாகிரியில் ஊறவைத்து, பழைய பற்தூரிகையால் தேய்த்து, பின்பக்கத்திலிருந்து ஊதுங்கள். கொழும்புக் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் களனி கங்கையிலிருந்து வருவது, மென்மையான தண்ணீர், சுண்ணாம்பு பெரிதாகப் படியாது. இங்கே அடைப்பு பெரும்பாலும் கரையாத ஷாம்புத் தூளால்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஹோட்டல் வேலை கிடைத்துப் போனால் கதை வேறு. சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீர் ஹீட்டரிலும் நொசிலிலும் சீக்கிரமாகவே வெள்ளைப் படிவை விடும். அங்கே இரண்டு உதிரி நொசில் இல்லாமல் போக வேண்டாம்.

புகார்: “வெல்வெட் படுத்துவிட்டது, அங்கங்கே நிறம் மாறித் தெரிகிறது”

நிறம் மாறவில்லை. மயிர் வேறு வேறு திசையில் படுத்திருப்பதால் ஒளி வேறு மாதிரிப் படுகிறது. பொலியெஸ்டர் வெல்வெட் என்றால் கவலை வேண்டாம். ஈரமாக இருக்கும்போதே மென்மையான பிரஷால் ஒரே திசையில் வாரிவிட்டால் காயும்போது எழும்பிவிடும். விஸ்கோஸ் (ரேயான்) வெல்வெட் என்றால் அது வேறு பிராணி. நனைந்த விஸ்கோஸ் நார் தன் பலத்தில் பெரும்பங்கை இழக்கிறது. அந்த நிலையில் டூலின் கடினமான விளிம்பை அழுத்தி இழுத்தால் மயிர் நிரந்தரமாக நசுங்கும்.

ஆகவே கழுவ முன்னரே துணியை அறிந்துகொள்ள வேண்டும். இருக்கையின் அடியில், தையலுக்கு உள்ளே மடித்திருக்கும் இடத்திலிருந்து ஒரு நூலை உருவுங்கள். சாவணத்தால் பிடித்து, பீங்கான் தட்டின் மேல், வீட்டுக்குள் அல்லாமல் விறாந்தையில் வைத்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். உருகி, ஆறியபின் கடினமான மணியாக நின்றால் பொலியெஸ்டர் அல்லது நைலோன். மயிர் கருகும் மணம் வந்து, விரலில் நொறுங்கினால் கம்பளி அல்லது பட்டு. கடதாசி எரியும் மணத்தோடு மென்மையான சாம்பல் விழுந்தால் பருத்தி, லினன், விஸ்கோஸ் மூன்றில் ஒன்று. பருத்தியையும் விஸ்கோஸையும் பிரிக்க இன்னொரு நூலை எடுத்து நடுவில் மட்டும் ஈரப்படுத்தி இரண்டு பக்கமும் இழுங்கள். ஈரமான இடத்திலேயே சட்டென்று அறுந்தால் விஸ்கோஸ். பருத்தி நனைந்தால் பலம் கூடும், அங்கே அறுவது அரிது. கலப்பு நூல்கள் இந்தச் சோதனையில் ஏமாற்றும், அப்போது பலவீனமான நாரை மனதில் வைத்தே வேலை செய்யுங்கள்.

விஸ்கோஸ் வெல்வெட்டுக்கு டூல் என்னவென்றால், தூசு இழுக்க மென்மையான பிரஷ் பூட்டிய காய்ந்த வேக்கும் தலை, வாரிவிட குதிரைமயிர் பிரஷ், அவ்வளவுதான். நசுங்கிய இடத்தை எழுப்ப ஆவி காட்டலாம், ஆனால் ஆவித்தலை துணியைத் தொடக் கூடாது. சில அங்குலம் மேலே பிடித்து, உடனே பிரஷால் எழுப்ப வேண்டும். டிரில்லில் பூட்டும் சுழல் பிரஷை வெல்வெட் எதிலும் வைக்க வேண்டாம். அதை விற்பவர்கள் எல்லாத் துணிக்கும் என்றுதான் சொல்வார்கள். மயிர் சுருண்டு வட்டம் வட்டமாக நின்றபின் செய்வதற்கு ஒன்றுமில்லை.

புகார்: “சாயம் கசிந்து பக்கத்துத் துணியில் ஏறிவிட்டது”

கைத்தறித் துணிகளும் பத்திக் குஷன் உறைகளும் இங்கே நிறைய. கடும் சிவப்பு, கருநீலம் கண்டால் கவனம். கழுவப்போகும் அதே கலவையை, அதே சூட்டில், மறைவான இடத்தில் தடவி, வெள்ளைப் பருத்தித் துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சாயம் ஏறினால் தண்ணீர் டூல் வேண்டாம்.

துணியில் தைத்திருக்கும் லேபிள் பட்டியில் குறி இருந்தால் அதை மதியுங்கள். டபிள்யூ என்றால் தண்ணீர்க் கலவை, எஸ் என்றால் சொல்வென்ட் (தண்ணீர் இல்லாத கரைப்பான்) மட்டும், டபிள்யூஎஸ் என்றால் இரண்டும், எக்ஸ் என்றால் தூசு இழுப்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. பட்டி இல்லாத, மொறட்டுவையில் செய்வித்த சோபாக்களே நமக்குக் கூடுதலாக வரும் என்பதால் மேலே சொன்ன சோதனைகளை விட முடியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. எஸ் துணிக்கென்று சொல்வென்டை எக்ஸ்ட்ராக்‌ஷன் மெஷினில் ஊற்றி அடிக்காதீர்கள், உறிஞ்சவும் வேண்டாம். வேக்கும் மோட்டரின் கார்பனில் பொறி பறக்கும். அதன் ஊடாகத் தீப்பற்றும் ஆவியை இழுப்பது உயிரோடு விளையாடுவது. வெள்ளைத் துணியில் நனைத்து, ஜன்னல்களைத் திறந்து, கையாலேயே ஒற்றியெடுங்கள். அடுப்பும் சாமி விளக்கும் அணைந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

புகார்: “மஞ்சள் கறை சிவப்பாக மாறிவிட்டது”

கறி கொட்டிய இடம், மஞ்சள் தண்ணீர் பட்ட இடம். காரத்தன்மை உள்ள ஷாம்பு பட்டதும் மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் செம்பழுப்பாக மாறும். வீட்டுக்காரர் பதறுவார், புதிதாக வேலைக்கு வந்த பொடியனும் பதறுவான். துணி கெடவில்லை. அமில ரின்ஸைத் தெளித்தால் திரும்ப மஞ்சளாகும். அதன்பின் மிஞ்சும் மஞ்சள் வெளிச்சம் பட்டால் மெல்ல மங்கும், குஷனைக் கழற்ற முடிந்தால் பல்கனியில் கொஞ்ச நேரம் வெயில் காட்டுங்கள். இதற்கு வேண்டிய கருவி, அமிலமா காரமா என்று காட்டும் பி.எச் தாள் ஒரு கட்டு மட்டும்தான். கழுவி முடித்த துணியில் ஈரத்தோடு ஒரு தாளை ஒட்டிப் பார்த்தால் காரம் தங்கியிருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். பழுப்பு படர்வதையும் இதே தாள் முன்கூட்டிச் சொல்லும்.

புகார்: “தலை வைக்கும் இடத்துக் கறுப்பு போகவே இல்லை”

தேங்காயெண்ணெயும் வியர்வையும் காலி வீதிப் புகையும் சேர்ந்து வருடக்கணக்கில் ஊறியது. இங்கே மட்டும் உள்ளே தெளிக்கும் டூல் தனியாகப் போதாது. எண்ணெயை எடுப்பது டூலின் தண்ணீர் அல்ல, அதற்கு முன்னால் செய்யும் வேலை. முதலில் காய்ந்த வேக்கும், நன்றாக, மூலைகளில் ஒடுங்கிய தலையைப் போட்டு. தூசை விட்டுவிட்டு நனைத்தால் அது சேறாகும். பிறகு எண்ணெய் கரைக்கும் முன்தெளிப்பை விட்டு, ஐந்து பத்து நிமிடம் பொறுத்து, நைலோன் கைப்பிரஷால் நான்கு திசையிலும் தேயுங்கள். துணி தாங்கினால் 50 பாகை செல்சியஸ் அளவில் சூடான தண்ணீர் பெரிய வித்தியாசம் காட்டும். அதன்பின் உறிஞ்சுங்கள். ஒரே தடவையில் முழுவதையும் எடுக்க முயன்று அதே இடத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டாம் சுற்று, இடையில் துவாயால் ஒற்றல், அதுவே பாதுகாப்பு.

பிரஷின் கடினத்தை உங்கள் கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள். கன்னத்தில் கீறினால் துணியிலும் கீறும்.

டிரிகரை விட்ட பிறகும் சொட்டுகிறது

வால்வுக்குள் மணல்துகள் சிக்கியிருக்கும், அல்லது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். கழற்றி, கழுவி, சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சம் பூசிப் போடுங்கள். வாஸ்லினும் மெஷின் ஒயிலும் சில ரப்பர்களை ஊதவைக்கும், தவிருங்கள். சொட்டு சின்னதாகத் தெரியலாம், ஆனால் அது விழும் இடத்தில்தான் பின்னால் வளையம் நிற்கும்.

மெஷினைப் போட்டால் வீட்டில் கரண்ட் போகிறது

எது விழுந்தது என்று பாருங்கள். சில நிமிடம் ஓடியபின் அந்த அறையின் பிரேக்கர் மட்டும் விழுந்தால் பாரம் கூடிவிட்டது. 230 வோல்ட்டில் 13 ஆம்ப் பிளக் ஒன்று தாங்குவது சுமார் 3000 வாட். இரண்டு 1200 வாட் மோட்டரும் 1500 வாட் ஹீட்டரும் ஒரே வயரில் ஓடாது. பழைய வீடுகளின் உருளைக்கால் 5 ஆம்ப் பிளக்கில் மாற்றியைச் செருகி ஓட்டுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். இரண்டு வயர் உள்ள மெஷினை வாங்கி, இரண்டையும் வெவ்வேறு சேர்க்கிட்டில் செருகுங்கள். அல்லது ஹீட்டரை நிறுத்திவிட்டு, தேநீருக்கு வைக்கும் கேத்தலில் தண்ணீரைச் சூடாக்கிக் கலந்துகொள்ளுங்கள். சுருட்டிய எக்ஸ்டென்ஷன் வயரை முழுவதும் அவிழ்த்துவிடுங்கள், சுருளாக இருந்தால் உள்ளே சூடேறி உருகும்.

போட்ட உடனேயே மெயின் ட்ரிப் சுவிச் விழுந்தால் அது பாரம் அல்ல, கசிவு. தண்ணீர் மோட்டருக்குள் போயிருக்கலாம். நுரை நிறைந்த கழிவுத் தாங்கியே அடிக்கடி காரணம், நுரையடக்கி ஊற்றுங்கள், மிதவை அடைப்பு வேலை செய்கிறதா என்று பாருங்கள். எர்த் வயரைக் கழற்றிவிட்டால் ஓடும் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளை வேலையிடத்தில் வைத்திருக்காதீர்கள். ஈரக் கையோடு பிடித்திருக்கும் மெஷின் அது. இலக்ட்ரீஷியனிடம் காட்டும் வரை ஓட்ட வேண்டாம்.

புது டூல், பழைய ஹோஸ், இணைப்பில் கசிவு

வெளிநாட்டிலிருந்து யாராவது அமெரிக்க டூல் கொண்டுவந்து கொடுத்தால் இது வரும். அங்கத்தைய கால் அங்குல மரை அங்குலத்துக்கு 18 சுற்று, நம் ஊர்க் குழாய் வேலைகளில் புழங்கும் பிரித்தானிய மரை 19 சுற்று, பல்லின் கோணமும் வேறு. இரண்டு மூன்று சுற்று நன்றாக ஏறி, அப்புறம் இறுகும். இன்னும் பலமாக முறுக்கினால் பித்தளை வெடிக்கும். வெள்ளை டேப்பைத் தடிப்பாகச் சுற்றி ஓட்டுவது ஒருநாள் தாங்கலாம், வீட்டுக்காரரின் பார்க்கே மரத்தரையில் வைத்து அதைப் பரீட்சிக்க வேண்டாம். டூலையும் ஹோஸின் நுனியையும் கையோடு கொண்டுபோய்ப் பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் ஒரு பக்கம் அமெரிக்க மரை, மறுபக்கம் பிரித்தானிய மரை உள்ள மாற்றி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள். அப்படியே அந்த டூலின் ஓ-ரிங்கையும் காட்டி, அதே அளவில் நாலைந்து உதிரியும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.